வீட்டுக்குள்ள ஆமை வளர்க்கறீங்களா? முதல்ல அது நிக்கிற தரையைப் பாருங்க

1/
ஏற்கனவே ஆமை வளர்க்கறவங்க, பிள்ளை அழுதுன்னு கடையில அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்தவங்க, ரீல்ஸ் பார்த்து ஆசைப்பட்டுட்டு இருக்கறவங்க, எல்லாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. கேட்கப் போறது ஒரே ஒரு கேள்வி: அந்த ஆமைக்குக் கீழே என்ன போட்டிருக்கீங்க?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா ஆமையோட காலும் ஓடும் குடலும் இதுல அடங்கியிருக்கு. உங்க வீட்டுக் குழந்தையோட வயிறும்தான்.

2/
நான் கால்நடை மருத்துவர் இல்ல. எம்.பி.பி.எஸ் முடிச்சு அரசு மருத்துவமனையில மனுஷங்களைப் பார்க்கற டாக்டர். ஆமைக்கு உடம்பு சரியில்லன்னா என்கிட்ட வராதீங்க, வெட்கிட்ட போங்க. ஆனா ஆமை இருக்கற வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா என்கிட்டதான் வருது. அதனாலதான் பேசறேன். ஆமையைப் பத்தி கீழே சொல்றதையெல்லாம் கால்நடை மருத்துவம் படிச்ச நண்பர்கிட்ட காட்டி, அவர் சரின்னு சொன்னப்புறம்தான் போடறேன்.

3/
இரண்டரை வயசுக் குழந்தை. மூணு நாளா காய்ச்சல், பேதி, மலத்துல ரத்தம். கண்ணு உள்ள போயிருந்துச்சு. தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் திரும்பிச்சு. ட்ரிப் ஏத்தி, நிலைமை கைக்குள்ள வந்தப்புறம் அம்மாகிட்ட வழக்கமான கேள்விகள். வெளிச் சாப்பாடு ஏதாவது கொடுத்தீங்களா? தண்ணி எங்க பிடிக்கறீங்க? வேற யாருக்காவது பேதி இருக்கா? கடைசியா, "வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். ஒரு ஆமைதான். ரொம்ப சுத்தமா வெச்சிருக்கோம். டைல்ஸ்லதான் விட்டிருக்கோம், தினமும் பினாயில் போட்டுத் துடைச்சிடுவேன்."

4/
மல கல்ச்சர்ல சால்மோனெல்லா வந்துச்சு. டைபாய்டு கொடுக்கற வகை இல்ல, மத்த வகை.

அது ஆமைகிட்டேருந்துதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முட்டையில வரும், சரியா வேகாத கோழிக்கறியில வரும். ஆமையை யாரும் பரிசோதிக்கல. ஆனா குழந்தை பொம்மை வெச்சு விளையாடற அதே ஹால்லதான் ஆமை நடக்குது. ஆமைப் பெட்டியைக் கழுவறது கிச்சன் சிங்க்ல. அதே சிங்க்லதான் பால் டம்ளரும். நான் அந்த அம்மாவைத் திட்டல. சுத்தமா வெச்சுக்கணும்னு உயிரைக் கொடுத்து உழைச்சிருக்காங்க. யாரோ தப்பான சுத்தத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

5/
குழந்தை நல்லாகி வீட்டுக்குக் கிளம்பின அன்னைக்கு அப்பா போன்ல ஆமையோட போட்டோ காட்டினார். உள்ளங்கை அளவு குட்டி. பின்னங்கால் ரெண்டும் பக்கவாட்டுல சறுக்கி அகண்டு கிடக்கு. ஓட்டுல ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கோபுரம் மாதிரி கூம்பி நிக்குது. அவருக்கு அது டிசைன் மாதிரி தெரிஞ்சிருக்கு.

"டைல்ஸ் வேணாம்னா எதைப் போடறது டாக்டர்? கடைக்காரர் வெள்ளை மணல் பாக்கெட் தர்றேங்கறார்."

எனக்குப் பதில் தெரியல. போட்டோவை வெட் நண்பருக்கு அனுப்பினேன். "சல்கேட்டா குட்டி. போட்டோவை வெச்சு எல்லாத்தையும் சொல்ல முடியாது, நேர்ல கொண்டுவரச் சொல்லு. ஆனா முதல் சந்தேகம் தரைமேலதான். மணலை மட்டும் போட்டுடப் போறார், தடுத்து நிறுத்து" அப்படின்னார்.

6/
இப்ப நான் சொல்ல வந்தது. பார்க்க சுத்தமா இருக்கறது வேற, பாதுகாப்பா இருக்கறது வேற. ஆமைக்குத் தரை தேர்ந்தெடுக்கும்போது நாம எல்லாருமே நம்ம கண்ணுக்கு எது அழகு, நம்ம துடைப்பத்துக்கு எது சுலபம்னுதான் பார்க்கறோம். அதுமேல நாள் முழுக்க நிக்கப் போறது யாருன்னு பார்க்கறதில்ல.

வார்டுல வேலை பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். பக்கவாதம் வந்து படுத்துட்ட நோயாளிக்குப் படுக்கைதான் பாதி வைத்தியம். பெட்ஷீட் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கலாம், வார்டு முழுக்க பினாயில் வாசனை அடிக்கலாம். ஆனா திருப்பிப் படுக்க வைக்காம, தண்ணி மெத்தையோ காத்து மெத்தையோ இல்லாம விட்டா, முதுகுல புண்ணு வந்தே தீரும். உடம்பு இருபத்துநாலு மணி நேரமும் தொட்டுக்கிட்டு இருக்கற பொருள் மருந்தாவும் இருக்கும், நோயாவும் இருக்கும். ஆமைக்கு அது தரை.

7/
சல்கேட்டாவோட ஊர் ஆப்பிரிக்கா. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கற சாஹேல் பகுதி. இதைக் கேட்டதும் கடையில சொல்ற லாஜிக்: "பாலைவன ஆமை சார், மணல் போடுங்க, தண்ணியே காட்டாதீங்க."

பாதி உண்மை, முழுப் பொய்யை விட ஆபத்து. அந்த ஆமை அங்க மணல்மேல வெயில்ல காஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதில்ல. மண்ணைத் தோண்டி நீளமா வளை போட்டு, வெயில் ஏறினதும் உள்ள போய் முடங்கிக்கும். வளைக்குள்ள சூடு குறைவு, காத்துல ஈரம் அதிகம். வெளியே எரியற ஊர்ல அது உயிரோட இருக்கறதே அந்த ஈர வளையாலதான். நீங்க டைல்ஸ்ல விட்டா அது எங்க தோண்டும்? சுவர் மூலையில போய்ப் பிராண்டிக்கிட்டே இருக்கும். "விளையாடுது பாருங்க"ன்னு வீடியோ எடுத்துப் போடறோம்.

8/
ஓடு கூம்பறதுக்கு ரொம்ப நாளா சொல்லிட்டு வந்த காரணம் "புரதம் அதிகம்". 2003ல சல்கேட்டா குட்டிகளை வெச்சு செஞ்ச ஒரு ஆய்வு வெளியாச்சு. சில குட்டிகளை வறண்ட காத்துலயும் சிலதை ஈரக் காத்துலயும், வேற வேற அளவு புரதம் கொடுத்து வளர்த்துப் பார்த்தாங்க. வறண்ட காத்துல வளர்ந்த குட்டிகளுக்குத்தான் ஓடு அதிகமாக் கூம்பிச்சு. புரதத்தோட பங்கு சின்னது.

கால்சியம், புற ஊதா வெளிச்சம், சாப்பாடு இதெல்லாமும் முக்கியம்தான். ஆனா வறண்ட தரையில வளர்ற குட்டிக்கு ஓடு சீரா வளர்றது கஷ்டம். கூம்பின ஓடு திரும்பவும் சமமாகாது. இனிமே வளர்ற பாகத்தை மட்டும்தான் காப்பாத்த முடியும்.

9/
"சென்னையிலயே ஈரம் கொட்டுதே டாக்டர்?" கொட்டுதுதான், மொட்டை மாடியில. ஆமை இருக்கறது ஏசி ஓடற ரூம்ல, மேல ஒரு சூடு பல்பு, கீழே டைல்ஸ். ஏசி காத்துல இருக்கற ஈரத்தை எடுத்துடும், பல்பு மிச்சத்தைக் காய வெச்சிடும், டைல்ஸ் ஒரு சொட்டுக்கூடப் பிடிச்சு வெச்சுக்காது. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது சென்னைக் காத்து இல்ல.

10/
சரி, கடையிலயும் வீட்டுலயும் போடற ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

டைல்ஸ், கிரானைட், கண்ணாடித் தொட்டியோட வெறும் தரை: ஆமையோட நகத்துக்குப் பிடிமானமே கிடைக்காது. வளர்ற வயசுல தினமும் சறுக்கி சறுக்கி நடந்தா கால் அகண்டுதான் போகும். சோப்புத் தண்ணி ஊத்தின தரையில நீங்க ஒரு வருஷம் நடந்து பாருங்க, இடுப்பு என்ன சொல்லுதுன்னு. ஏசி ரூம் டைல்ஸ் வேற ஜில்லுனு இருக்கும். ஆமைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானா உண்டாக்கிக்க முடியாது. வயித்துப் பக்கம் குளிர்ந்தே இருந்தா செரிமானமும் மந்தமாகும், எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

11/
வெறும் மணல், எம்-சாண்ட்: ஈரமான கீரையை மணல்மேல போட்டா, கீரையோட மணலும் உள்ள போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. குடல்ல படிஞ்சு, ஒருநாள் அடைச்சுக்கும். மனுஷனுக்குக் குடல் அடைச்சா வலியில கத்துவான், ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்துடுவீங்க. ஆமை கத்தாது. சாப்பிடாம ஒரு மூலையில இருக்கும். "குளிர்காலம், தூங்குது"ன்னு நினைச்சுக்குவீங்க.

மண்ணுல இயற்கையாவே கொஞ்சம் மணல் கலந்திருக்கும். அது பரவாயில்ல. மணல் மட்டுமே தரையா இருக்கறதுதான் பிரச்சினை.

12/
கால்சியம் சாண்ட், அதாவது "தின்னாலும் கரைஞ்சிடும்"னு கலர் பாக்கெட்ல வர்றது: இதுமேல எனக்குத் தனிக் கோபம்.

ஓ.பி.க்கு மண்ணு தின்னுற குழந்தைங்க வருவாங்க. சாம்பல், சிலேட்டுக் குச்சி, சுவத்துச் சுண்ணாம்பு எல்லாம் தின்னும். அதை நாங்க வெறும் கெட்ட பழக்கம்னு விட்டுட மாட்டோம். ரத்தசோகை இருக்கான்னு பார்ப்போம், குடல்புழுவுக்கு மாத்திரை கொடுப்போம், என்ன சாப்பிடுதுன்னு கேட்போம். உடம்புல ஒண்ணு குறையுது, அதைத் தேடுது. கால்சியம் குறைஞ்ச ஆமையும் இப்படித்தான் வெள்ளையா இருக்கறதைத் தேடித் தேடித் தின்னும். அதுகிட்ட வெள்ளையா, கால்சியத்துலயே மணலைப் பரப்பி வெச்சா? அள்ளி அள்ளித் தின்னு கட்டியாகி அடைச்சுக்கும். சாப்பாட்டுல கொடுக்க வேண்டிய கால்சியத்தைத் தரையில கொட்டறது வைத்தியமே இல்ல. சுண்ணாம்பு தின்னுற பிள்ளையை சுண்ணாம்புக் காளவாயில உட்கார வைக்கிற மாதிரி.

13/
கூழாங்கல், மார்பிள் சிப்ஸ்: வாய்க்குள்ள போற அளவு கல்லா இருந்தா விழுங்கும். வாய்க்குள்ள போகாத அளவா இருந்தா நடக்க முடியாது. எந்த சைஸ்லயும் பிரயோஜனம் இல்ல. அடியில மூத்திரம் தேங்கி நாறும். கல்லைக் கழுவி கழுவி நீங்கதான் சால்மோனெல்லாவை பாத்ரூம் முழுக்கப் பரப்புவீங்க.

14/
மரத்தூள், இழைப்புச் சீவல்: தச்சுப் பட்டறையில இலவசமாக் கிடைக்கும், அதனால போடறாங்க. அதுல தேக்கு இருக்கும், பிளைவுட் இருக்கும், ஃபெவிகால் வகை பசை, கரையான் மருந்து, பாலிஷ் எல்லாம் இருக்கும். பிளைவுட் ஒட்டற பசையிலயே ஃபார்மால்டிஹைடு உண்டு. தேக்குத் தூள் மனுஷ மூச்சுக்குழாயையே அரிக்கும். வாசனையா பாக்கெட்ல வர்ற சீடர், பைன் சீவலும் வேண்டாம். அந்த வாசனைதான் பிரச்சினை, அது ஆவியாகற எண்ணெய். ஆமை தரையிலேருந்து ஒரு அங்குல உயரத்துல மூச்சு விடுது, அதை நினைச்சுக்கோங்க.

15/
செயற்கைப் புல் மேட், பழைய கார்ப்பெட்: நூல் பிரியும். விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். பிளாஸ்டிக் புல்லைக் கடிச்சு விழுங்கவும் செய்யும். மூத்திரம் இறங்கி ஊறிப் போனதை நீங்க எவ்வளவு அலசினாலும் போகாது.

நியூஸ் பேப்பர்: நோயாளி ஆமையை நாலு நாள் தனியா வைக்க, மலத்தைக் கவனிக்க, வெட் சொன்னா போடலாம். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் மாதிரி. ஸ்ட்ரெச்சர்ல யாரும் குடித்தனம் பண்றதில்ல.

16/
நர்சரியில விக்கற பாட்டிங் மிக்ஸ்: "மண்ணுதானே"ன்னு நல்ல எண்ணத்துல வாங்கறவங்க மாட்டறது இங்கதான். அதுல வெள்ளை வெள்ளையா பெர்லைட் இருக்கும், மினுமினுன்னு வெர்மிகுலைட் இருக்கும். உரம், வேப்பம் புண்ணாக்கு, சில சமயம் பூச்சி மருந்தும் சேரும். செடிக்கு நல்லது, ஆமைக்கு ஆகாது. உரம் போட்ட வயல் மண், கரையான் மருந்து அடிச்ச வீட்டைச் சுத்தின மண், ரோட்டோர மண், இதுவும் வேண்டாம்.

17/
"எல்லாத்தையும் வேணாம்னா வேற எதைத்தான் போடறது?"

நம்ம ஊர்ல மலிவா, கைக்கெட்டற தூரத்துலயே இருக்கு. மருந்து படாத செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு, அதாவது கோகோபீட், ஒரு பங்கு. அவ்வளவுதான். மண்ணை சலிச்சு, கல்லு, கண்ணாடி, ஆணி எடுத்து, நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள் காய வைங்க. வெறும் செம்மண் காய்ஞ்சா செங்கல் ஆகிடும். வெறும் கோகோபீட் காய்ஞ்சா தூசியா பறந்து கண்ணுலயும் மூக்குலயும் ஏறும். ரெண்டும் சேர்ந்தாதான் ஈரமும் நிக்கும், தோண்டவும் வரும்.

18/
கோகோபீட்ல ஒரு சூட்சுமம். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு தொழில் தெரிஞ்சவங்க உடனே சொல்வாங்க: கழுவாத நார்க்கழிவுல உப்பு அதிகம். செடி வளர்க்கறவங்களே அலசிட்டுத்தான் போடுவாங்க. 650 கிராம் கட்டி ஒண்ணு ஊறினா ஏழெட்டு லிட்டர் ஆகும். ஊற வெச்சு, துணியில கட்டிப் பிழிஞ்சு, மறுபடி நல்ல தண்ணி ஊத்தி, மூணு தடவையாவது அலசிடுங்க. உரம் கலந்ததுன்னு பாக்கெட்ல போட்டிருந்தா அதை வாங்காதீங்க.

19/
எவ்வளவு ஈரம்? மீட்டர் இருந்தா நல்லது. இல்லன்னா நம்ம வீட்டு அளவே போதும்: புட்டு மாவு பதம். கைப்பிடி அள்ளி அழுத்தினா பிடி நிக்கணும், விரலால குத்தினா உதிரணும். தண்ணி சொட்டினா அதிகம். பிடியே நிக்கலன்னா தண்ணி தெளிங்க.

எவ்வளவு ஆழம்? ஆமை முழுசா புதைஞ்சுக்கற ஆழம். உள்ளங்கை அளவு குட்டிக்குக் குறைஞ்சது நாலு அங்குலம். வளர வளர ஆழத்தையும் இடத்தையும் கூட்டணும்.

20/
பெட்டி முழுக்க ஒரே மாதிரி வேண்டாம். ஒரு பக்கம் பல்புக்குக் கீழே சூடா, மேல் மண் காய்ஞ்சு இருக்கட்டும். மறுபக்கம் கவிழ்த்துப் போட்ட மண்சட்டியில ஒரு வாசல் உடைச்சு வெச்சு, அதுக்குள்ள மண்ணை ஈரமா வைங்க. அதுதான் அதோட வளை. எங்க இருக்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு துண்டு கடப்பா கல். கீரையை, புல்லை அதுமேல வைங்க. மண்ணு வாய்க்குப் போகாது, கல்லுல உரசி வாய் அலகும் நகமும் தேயும். கல்லைத் தனியா எடுத்துக் கழுவிடலாம். ஆழமில்லாத தட்டுல தண்ணி எப்பவும் இருக்கணும். "பாலைவன ஆமை தண்ணி குடிக்காது"ன்னு சொல்றவங்களை ஒரு தடவை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

21/
இதையே சாக்கா வெச்சு சேறு பண்ணிடாதீங்க. எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா அடி ஓடு அழுகும். ஈரமும் குளிரும் சேர்ந்தா சளி பிடிக்கும், மூக்குல நுரை வரும், வாயைத் திறந்து மூச்சு விடும். ஈரம்னா சூடும் கூடவே இருக்கணும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல தேவையான புற ஊதாக் கதிர் வராது. அதுக்குத் தனி விளக்கு, இல்லன்னா நேரடி வெயில். தரை மட்டும் சரியா இருந்தா எல்லாம் சரியாகிடும்னு நான் சொல்லல. தரை தப்பா இருந்தா மத்ததெல்லாம் சரியா செஞ்சும் வீண்.

22/
"மண்ணைப் போட்டா கிருமி வராதா? டைல்ஸ்தானே சுத்தம்?" இந்த த்ரெட் எழுத வெச்ச கேள்வியே இதுதான்.

கிருமி மண்ணுலேருந்து வர்றதில்ல. ஆமையோட குடல்லேருந்து வருது. நல்ல ஆரோக்கியமான ஆமைகூட சால்மோனெல்லாவைச் சுமக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லா நாளும் வெளியே விடவும் விடாது. அதனால ஒரு தடவை டெஸ்ட்ல இல்லைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தம் இல்ல. டைல்ஸ்ல போற ஆமை மலத்துலயே மிதிச்சு ஹால் முழுக்க அச்சு வெச்சுட்டுப் போகும். நீங்க ஒரே துணியால வீடு பூரா துடைச்சு அதைப் பரப்புவீங்க. பெட்டிக்குள்ள மண்ணுல இருந்தா, மலம் விழுந்த இடத்தை மண்ணோட அள்ளிக் கட்டிப் போட்டுடலாம். எது சுத்தம்?

23/
சுத்தம் பண்ற முறை:

மலத்தைத் தினமும் அள்ளுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை, நாத்தமோ பூஞ்சையோ வந்தா உடனே, மொத்த மண்ணையும் மாத்துங்க.

பழைய மண்ணை மாடித் தோட்டத்துக் கீரைத் தொட்டியில கொட்டாதீங்க. பலபேர் "நல்ல எரு"ன்னு செய்றாங்க. புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையா சாப்பிடறோம்.

பெட்டியை, தண்ணித் தட்டைக் கிச்சன்ல கழுவாதீங்க. அதுக்குன்னு தனி வாளி, தனி பிரஷ்.

பினாயில் வேண்டவே வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அப்புறம் தண்ணி கலந்த பிளீச், அலசி, வெயில்ல காய வைங்க. பிளீச்சோட ஆசிட் கலக்காதீங்க, கிளம்பற குளோரின் வாயுவால நீங்களே எங்க எமர்ஜென்சிக்கு வருவீங்க.

ஆமையைத் தொட்டாலும் அதோட மண்ணைத் தொட்டாலும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்க. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். மண்ணு ஒட்டின கையில சானிடைசர் சரியா வேலை செய்யாது.

24/
அமெரிக்காவுல 1975லயே ஓடு நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புப் பிராணியா விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. காரணம் குழந்தைங்க. சின்ன ஆமையை பொம்மை மாதிரி வாயில வெச்சாங்க, சால்மோனெல்லா வந்துச்சு. தடை இன்னைக்கும் இருக்கு. இங்க கடையில சின்னதா இருக்கறதுதான் "க்யூட்"னு விலை போகுது.

"ஆன்டிபயாடிக் கொடுத்து ஆமையைச் சுத்தம் பண்ணிடலாமே?" அதையும் செஞ்சு பார்த்துட்டாங்க. அங்க பண்ணைகள்ல முட்டைக்கே ஜென்டாமைசின் ஏத்தினாங்க. விளைவு, ஜென்டாமைசினுக்கு அடங்காத சால்மோனெல்லா.

25/
அதனால என் கறாரான வார்த்தை: வீட்டுல 5 வயசுக்குக் கீழே குழந்தை இருந்தா ஆமை வேண்டாம். கர்ப்பிணி, கீமோ எடுக்கறவங்க, சிறுநீரக மாற்று செஞ்சவங்க, வயசானவங்க இருக்கற வீட்டுலயும் வேண்டாம். பெரியவங்களுக்கு நாலு நாள் பேதியோட போறது, கைக்குழந்தைக்கு ரத்தத்துல கலந்து மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம்.

குழந்தைக்குப் பேதின்னா ஓ.ஆர்.எஸ், ஜிங்க், தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. மலத்துல ரத்தம், அடங்காத காய்ச்சல், சோர்வு, மூத்திரம் குறையறது, மூணு மாசத்துக்குக் கீழே குழந்தை, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. "வீட்ல ஆமை இருக்கு"ன்னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நாங்க கேட்க மறந்துடலாம்.

26/
இப்ப சட்டம். உங்ககிட்ட இருக்கறது முதுகுல மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட நம்ம ஊர் நட்சத்திர ஆமையா? அப்ப மேல சொன்ன எந்த மண்ணும் உங்களுக்கு இல்ல. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2022ல வந்த திருத்தம் 2023 ஏப்ரல்லேருந்து அமல்ல இருக்கு. நட்சத்திர ஆமை இப்ப முதல் அட்டவணையில. குற்றம்னு தீர்ப்பானா 3 வருஷத்துலேருந்து 7 வருஷம் வரை சிறை, குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு பெரியவங்க சொன்னப்ப ரெண்டும் தனித்தனியா வந்துச்சு. இப்ப ஆமை பின்னாடியே அமீனா வருவார்.

வாஸ்துக்குன்னு வாங்கியிருந்தாலும் சரி, ரோட்டுல கிடைச்சுதுன்னு எடுத்திருந்தாலும் சரி. பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைங்க.

27/
சல்கேட்டா மாதிரி வெளிநாட்டு ஆமைன்னா, சைட்டிஸ் பட்டியல்ல இருக்கறதால 2024 பிப்ரவரியில வந்த விதிகள்படி பரிவேஷ் 2.0 தளத்துல பதிவு பண்ணணும். வாங்கும்போது கடையில பேப்பர் கேளுங்க. கொடுக்காம பேச்சை மாத்தினா திரும்பிப் பார்க்காம வெளியே வாங்க.

இன்னொண்ணு கடையில சொல்ல மாட்டாங்க. உள்ளங்கையில இருக்கற அந்தக் குட்டி வளர்ந்தா 40 கிலோ தாண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல வாழும். 2 பி.எச்.கே. பிளாட்டுல எந்தப் பெட்டி, எவ்வளவு மண்ணு?

வளர்ந்து பெருசானதும் ஏரியிலயோ கோயில் குளத்துலயோ விட்டுடாதீங்க. தமிழ்ல எல்லாத்தையும் "ஆமை"ன்னே சொல்றதால வர்ற குழப்பம் இது. யானைக்கால் மாதிரி தூண் காலோட இருக்கறது நில ஆமை. அதுக்கு நீந்தத் தெரியாது. ஆழத் தண்ணியில விட்டா மூழ்கிச் செத்துடும். புண்ணியம்னு நினைச்சு கொலை பண்ணாதீங்க.

28/
கமென்ட்ல வரப் போறது தெரியும். "எங்க வீட்டு ஆமை அஞ்சு வருஷமா டைல்ஸ்லதான் இருக்கு, ஒண்ணும் ஆகல."

பீடி குடிச்சே தொண்ணூறு வயசு வாழ்ந்த தாத்தா கதையை நான் தினமும் ஓ.பி.யில கேட்கறேன். ஆமை சீக்கிரம் சாகாது. அதுதான் அதோட துரதிர்ஷ்டம். எலி, குருவியா இருந்தா தப்பான இடத்துல ஒரு வாரத்துல செத்து நமக்குப் பாடம் சொல்லிடும். ஆமை வருஷக்கணக்கா மெதுமெதுவா சாகும், நாம அதைப் பார்த்து "எவ்வளவு அமைதியா இருக்கு"ன்னு சொல்லுவோம். உயிரோட இருக்கறது வேற, நல்லா இருக்கறது வேற.

29/
அந்தக் குழந்தையோட அப்பா ரெண்டு வாரம் கழிச்சு வந்தார். குழந்தை ஓடிக்கிட்டு இருந்தா. வெள்ளை மணல் வாங்கலையாம். வெட் சொன்னபடி ஆமையை, தனி வீடும் தோட்டமும் இருக்கற, வீட்டுல சின்னக் குழந்தைங்க இல்லாத சொந்தக்காரர்கிட்ட, பதிவுக்குத் தேவையானதையும் கேட்டு முடிச்சுட்டு, கொண்டுபோய் விட்டிருக்கார். மண்ணைப் பார்த்ததும் ஆமை என்ன பண்ணிச்சுன்னு கேட்டேன்.

"வெச்ச உடனே தோண்ட ஆரம்பிச்சிடுச்சு டாக்டர். பத்து நிமிஷத்துல ஆளைக் காணோம்."

30/
வாங்காதவங்க, வாங்காதீங்க. ஏற்கனவே வாங்கிட்டவங்க, இன்னைக்கு சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்க. பெட்டியில இருக்கறதை எடுத்துட்டு, செம்மண்ணும் அலசின கோகோபீட்டும் கலந்து நாலு அங்குலம் போடுங்க. புட்டு மாவு பதம் பாருங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

ஆமை வெச்சிருக்கற ஒரு வீடாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, டூட்டி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.